ஒரு லட்சம் கட்டுவதற்கு முன்: சின்னப் பத்திரிகைக்கு எந்த இணையக் கருவி போதும்?

கேள்வி: அரூர் பக்கத்தில் ஒரு வார இதழ் நடத்துகிறோம். டேப்ளாய்டு அளவு, 8 பக்கம். என் கணவர் ஆரம்பித்து 20 வருடம் ஓட்டினார். போன வருடம் அவர் காலமானதிலிருந்து நானும் மகளும் பார்த்துக்கொள்கிறோம். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் டைப் செய்து, சேலத்தில் அச்சடிக்கிறோம். சந்தாதாரர்கள் 900 பேர் இருக்கிறார்கள். எல்லாரும் போனிலேயே படித்துவிடுவதால் கடை விற்பனை மிகவும் குறைந்துவிட்டது. ஒரு கம்பெனியில் வெப்சைட், மொபைல் ஆப் இரண்டும் சேர்த்து 1,30,000 ரூபாய், அப்புறம் வருடத்துக்கு 25,000 ரூபாய் பராமரிப்பு என்கிறார்கள். நகையை வைத்துத்தான் கட்ட வேண்டும். செய்யலாமா? குறைந்த செலவில் வேறு வழி உண்டா? இன்ஸ்டாகிராம் தொடங்கலாம் என்று மகள் சொல்கிறாள்.

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

நகையை வைக்காதீர்கள். அந்தக் கம்பெனிக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்திருக்கவில்லை என்றால் இப்போதைக்குக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் இதழுக்கு இன்றைக்குத் தேவையான கருவிகளில் முக்கால்வாசி இலவசம், மீதிக்கு ஆகும் செலவும் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஆனால் எந்தக் கருவி என்பதை விட, எது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முதலில் தீர்மானிக்க வேண்டியது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சின்ன இதழ்களுக்குப் பக்க வடிவமைப்பும் கம்ப்யூட்டர் வேலையும் செய்து கொடுக்கிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஒரு ஊர்ப் பத்திரிகைக்குச் சொத்து என்று இருப்பது இரண்டே. ஒன்று, இத்தனை வருடம் அச்சில் வந்த செய்திகள். இன்னொன்று, சந்தாதாரர் பட்டியல். இந்த இரண்டையும் எந்த நேரத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வர முடிகிற கருவி நல்ல கருவி. வர முடியாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாதமிருமுறை இதழின் வெப்சைட்டை ஒரு வடிவமைப்பாளர் செய்து கொடுத்தார். சைட்டின் இணைய முகவரியான டொமைன் பெயரை அவர் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். பணப் பிரச்சினை வந்தது, அவர் போனை எடுக்கவில்லை, புதுப்பிக்கும் தேதி போய்விட்டது, பெயர் வேறு யாரோ கைக்குப் போனது. பல வருடச் செய்திகள் அதோடு போயின. உங்களிடம் விலை சொன்ன கம்பெனியும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் பேசும்போது, டொமைன் யார் பெயரில் பதிவாகும், செய்திகளை மொத்தமாக இறக்கி எடுத்துக்கொள்ள வழி உண்டா, பராமரிப்புக் கட்டணத்தை ஒரு வருடம் கட்டாமல் விட்டால் சைட் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆப் வேண்டவே வேண்டாம். ப்ளே ஸ்டோரில் ஒரு ஆப்பை ஏற்றினால் வேலை முடிவதில்லை. ஆண்ட்ராய்டு மாற மாற அதற்கேற்ப ஆப்பையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றாமல் விட்டால் புது போன் வாங்குகிறவர்களுக்கு அது ஸ்டோரில் காட்டாமல் போய்விடும். அந்த 25,000 ரூபாய் பராமரிப்பில் ஒரு பகுதி அதற்குத்தான் போகும். தவிர, 900 சந்தாதாரர்களில் வார இதழுக்கென்று தனியாக ஒரு ஆப்பைப் போனில் போட்டு வைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வாட்ஸ்அப் ஏற்கெனவே எல்லார் போனிலும் இருக்கிறது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? வெப்சைட்டில் இல்லை, எழுத்துருவில். பாமினியில் டைப் செய்த செய்தி கம்ப்யூட்டருக்குத் தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் பேஜ்மேக்கரிலிருந்து ஒரு வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வருகிறது. இதே காரணத்தால் நீங்கள் இப்போது போனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டுமென்றால் மகள் அதை மறுபடி டைப் செய்கிறாள், இல்லையா? எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறிவிட்டால் ஒரு தடவை டைப் செய்த செய்தி அச்சுக்கும் போகும், வாட்ஸ்அப்புக்கும் போகும், வெப்சைட்டுக்கும் போகும், பின்னாளில் தேடினால் கிடைக்கும். தமிழக அரசே 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்புகள் யூனிகோடில் வந்தால் நீங்கள் அவற்றை டைப் செய்யவே வேண்டாம், சுருக்கித் திருத்தினால் போதும்.

மாறுவது கஷ்டம் என்று உங்கள் டைப்பிஸ்ட் சொல்வார். பழகிய கை மறுபடி பழக வேண்டுமே என்ற பயம் அது. அந்தப் பயம் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் தமிழ் 99 விசைப்பலகையும் இருக்கிறது, பாமினி முறையும் இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. அவர் எப்படி அடித்துப் பழகினாரோ அப்படியே அடிக்கட்டும், திரையில் யூனிகோடாக விழும். அழகி மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் என்றால் தமிழ் 99 சொல்லிக் கொடுங்கள். மெய், உயிர் என்ற வரிசையில் அடிப்பதால் கை சீக்கிரம் பழகும்.

அப்புறம் பழைய கோப்புகள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு செய்தியாக எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரில் கொடுத்தால் பாமினி யூனிகோடாக மாறும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் மாற்றிகளும் யூனிகோடு எழுத்துருக்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாறிய பிறகு இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, செய்திக்குள் ஆங்கிலத்திலேயே அடித்த சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள். மாற்றிக்கு அது ஆங்கிலமா பாமினியா என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் 'ர'வின் உடலும் பார்க்க ஒன்றாக இருப்பதால் பலர் ஒன்றுக்கு இன்னொன்றை அடித்திருப்பார்கள். மாற்றும்போது அது 'தா்மபுரி' என்று வந்து நிற்கும். பார்த்தால் தர்மபுரி போலவே இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது துணைக்காலும் புள்ளியும். யாராவது தர்மபுரி என்று தேடினால் அந்தச் செய்தி ஆயுசுக்கும் வராது. வேர்டில் தேடி மாற்றும் வசதியில் 'ா்' என்று கொடுத்து 'ர்' ஆக்குங்கள், 'ாி' என்பதை 'ரி' ஆக்குங்கள், 'ாீ' என்பதை 'ரீ' ஆக்குங்கள். தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ வரவே வராது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். 'ஔ' மட்டும் அப்படி இல்லை. ஔவையாரை 'ஒ' போட்டு 'ள' போட்டு அடித்திருப்பார்கள், அதை மொத்தமாக மாற்றினால் 'ஒளி'யும் சேர்ந்து கெட்டுவிடும். அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

இதோடு ஊர்ப்பெயர்களுக்கு ஒரு தாள் போட்டு டைப்பிஸ்ட் மேஜையில் ஒட்டிவிடுங்கள். தருமபுரியா தர்மபுரியா, ஓசூரா ஒசூரா, எது வேண்டுமானாலும் இருக்கட்டும், எல்லா இதழிலும் ஒன்றாக இருக்கட்டும். தேடும்போது அருமை தெரியும்.

பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கரை விட்டுத்தான் ஆக வேண்டும். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல், அது யூனிகோடு தமிழை ஒழுங்காகக் காட்டாது. மாதாமாதம் சந்தா கட்டி இன்டிசைன் வாங்குவதற்கு முன்னால் ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 1.6 பதிப்பில் தமிழின் கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றன, அச்சகத்துக்குத் தேவையான நான்கு நிறப் பிடிஎஃப்பையும் அது கொடுக்கும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, தலைப்புக்கு பலூ தம்பி என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. உரிமம் பற்றிக் கவலைப்படாமல் அச்சுக்கும் வெப்சைட்டுக்கும் பயன்படுத்தலாம். முதல் இரண்டு மூன்று இதழ்களில் மகள் தவித்துப் போவாள், அதை மறைக்க மாட்டேன். குறிப்பாக, தமிழில் சொற்கள் நீளம் என்பதால் ஒல்லியான காலத்தில் (column) இரண்டு பக்கமும் சமமாக அடித்தால் நடுவில் பொத்தல் பொத்தலாக இடைவெளி விழும். டேப்ளாய்டில் ஐந்து காலம் வைத்திருந்தால் நான்காக்குங்கள், இடைவெளி குறைந்துவிடும். கறுப்பு எழுத்து தனிக் கறுப்பாக மட்டும் இருக்கிறதா என்று அச்சகத்துக்கு அனுப்பும் முன் பாருங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பாகப் போனால் நியூஸ்பிரிண்ட்டில் எழுத்து கலங்கிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பி பிளேட் சரியாக வருகிறதா என்று அச்சகத்தில் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். இன்டிசைனுக்கே போவதானாலும், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும்.

படங்களுக்கு ஃபோட்டோபீ என்று ஒன்று பிரவுசரிலேயே திறக்கும், ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். போனில் என்றால் ஸ்னாப்சீட். நிருபர்களிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கி அனுப்பும். செய்தியையும் அவர்கள் குரல் பதிவாக அனுப்புவதற்குப் பதிலாக போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசி, விழுந்த எழுத்தை ஒருமுறை படித்து அனுப்பச் சொல்லலாம். நம் பக்கத்து ஊர்ப்பெயர்களையும் ஆள் பெயர்களையும் அது அடிக்கடி தப்பாக எழுதும், அதனால் பெயர்களையும் எண்களையும் போனில் கேட்டுச் சரிபார்த்த பிறகே பக்கத்தில் வையுங்கள். ஆங்கில அரசாணை, தீர்ப்பு போன்றவற்றை ஏஐ கருவிகளில் கொடுத்துத் தமிழில் ஒரு வரைவு வாங்குவதில் தப்பில்லை. தொகை, தேதி, பிரிவு எண் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு விடாதீர்கள். செய்தியையே அதை எழுதச் சொல்லாதீர்கள்.

இனி வாட்ஸ்அப். உங்களுக்கு உண்மையான கடைத்தெரு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குரூப் போட வேண்டாம். 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், ஒருவர் நம்பர் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெண் சந்தாதாரர்களுக்கு அதனால் எவ்வளவு தொல்லை வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் முடியும், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல்தான் உங்களுக்குச் சரி. எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, செலவும் இல்லை. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. சேருகிறவர்களின் நம்பர் உங்களுக்கும் தெரியாது. ஐயாயிரம் பேர் சேர்ந்தாலும் நாளைக்கு அந்தச் சேனல் முடங்கினால் உங்கள் கையில் ஒரு பெயர்கூட இருக்காது. அதனால் சேனல் என்பது ஆட்களை வாசலுக்கு வரவழைக்க மட்டும்தான். வந்தவர்களைச் சந்தாதாரராக்கிப் பட்டியலில் ஏற்றுவது தனி வேலை.

அந்தப் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் வையுங்கள். பெயர், ஊர், தபால் முகவரி, போன், சந்தா முடியும் தேதி, எந்த வழியில் பணம் வந்தது, இவ்வளவு போதும். இப்போது உங்களிடம் நோட்டில் இருக்கும், அல்லது உங்கள் கணவர் எழுதி வைத்த லெட்ஜரில் இருக்கும். அதை மாற்றத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாலைகள் உட்காருங்கள், மற்ற எதை விடவும் இது முக்கியம். முடியும் தேதி இந்த மாதத்துக்குள் இருந்தால் வரி தானாகச் சிவப்பாகும்படி அமைத்துவிடலாம். அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்து வாட்ஸ்அப் பிசினஸில் தயாராக வைத்திருக்கும் ஒரு செய்தியோடு யுபிஐ க்யூஆர் படத்தையும் அனுப்பினால் பாதிப் பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டிவிடுவார்கள், ஏஜெண்ட் வீடு வீடாகப் போய் வசூலிக்கும் அலைச்சல் குறையும். பணம் அனுப்பும்போது குறிப்பில் சந்தா எண்ணைப் போடச் சொல்லுங்கள். ஷீட்டை மாதம் ஒருமுறை இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். 900 பேரின் வீட்டு முகவரியும் போனும் அதில் இருக்கிறது. லிங்க் தெரிந்தால் யாரும் திறக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், விளம்பரக் கம்பெனி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சேனலில் என்ன போடுவது? இதழில் வரும் எல்லாச் செய்தியையும் அள்ளிக் கொட்டினால் இதழை ஏன் வாங்குவார்கள்? தினமும் காலையில் ஒரே ஒரு செய்தி போடுங்கள், அது வேறெங்கும் கிடைக்காததாக இருக்கட்டும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போடாத ஊர் எது? மஞ்சள் ஏலம் என்ன விலைக்குப் போனது, மரவள்ளிக்கு ஆலைக்காரர்கள் என்ன கொடுக்கிறார்கள், தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் இன்று கிலோ என்ன, பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி என்ன. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை விலைகள் வருகின்றன, ஆனால் அதை மட்டும் நம்பாமல் உங்கள் ஆள் மண்டியில் கேட்டு எழுதுவதுதான் மதிப்பு. ஆடி மாதத்தில் காவிரியில் தண்ணீர் வரும்போது பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்தையும், ஒகேனக்கலில் பரிசல் ஓடுகிறதா நிறுத்தியிருக்கிறார்களா என்பதையும் போடுங்கள். அந்தச் சமயத்தில் பழைய வெள்ள வீடியோவை இன்றைக்கு எடுத்தது என்று யாராவது சுற்றிவிடுவார்கள். கூகுள் லென்ஸில் அதன் ஒரு காட்சியைக் கொடுத்துத் தேடினால் முன்பே வந்ததா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். "இது பழைய வீடியோ" என்று நீங்கள் முதலில் சொன்னால் அன்றைக்கு ஊரே உங்கள் சேனலை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும்.

இதழின் பிடிஎஃப்பைச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அச்சகத்துக்குப் போகும் கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள், அது கனமாக இருக்கும். படங்களைச் சுருக்கி மூன்று எம்பிக்குள் இன்னொரு பிடிஎஃப் எடுங்கள். சித்தேரி, வத்தல்மலை மாதிரி சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலும் இறங்க வேண்டுமே. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்க்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுக்குத் தபாலில் இதழ் போய்ச் சேருவதற்குள் செய்தி பழசாகிவிடும். பிடிஎஃப்புக்கு மட்டும் என்று குறைந்த தொகையில் ஒரு சந்தா வையுங்கள். கோயில் திருவிழா, சாவு, கல்யாணம், ரோடு போட்டார்களா இல்லையா என்று ஊர்ச் செய்திக்கு ஏங்குகிறவர்கள் அவர்கள்தான்.

வெப்சைட் இதற்கெல்லாம் அப்புறம். முதலில் ஒரு டொமைன் வாங்குங்கள், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில். .இன் முகவரி ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முதல் வருடம் நூறு, இருநூறு என்று விளம்பரம் செய்வார்கள், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். அதைக் கூகுளின் பிளாகரில் இணைத்துவிட்டால் இடத்துக்கு வாடகை கிடையாது, பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காசு இல்லை. பிளாகர் பழைய கருவிதான், அலங்காரம் குறைவுதான். ஆனாலும் மொத்தச் செய்திகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும், நாளைக்கு வேர்ட்பிரஸுக்கு மாறினால் அந்தக் கோப்பை அங்கே ஏற்றிக்கொள்ளலாம். முகவரி உங்களுடையது என்பதால் வாசகருக்கு மாறியதே தெரியாது. நான்கைந்து பேர் செய்தி ஏற்றும் நிலை வரும்போது வேர்ட்பிரஸ் எடுங்கள், சைட்டை வைக்கும் இடத்துக்கான வாடகை (பொது ஹோஸ்டிங்) ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆகும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களை (சைட்டின் தோற்ற அமைப்புகளை) இலவசமாகத் தருகிறோம் என்று சில தளங்கள் கொடுக்கும். அவற்றைத் தொடாதீர்கள், சைட்டைக் கைப்பற்றும் நிரல் உள்ளே ஒளிந்திருக்கும். ஜோஹோ மெயிலின் இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை இதழின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளலாம். விளம்பரதாரர்களிடம் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

கூகுள் விளம்பர வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2018-இலிருந்து கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழுக்குக் கிடைக்கிறது, உண்மை. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். சின்ன ஊர் சைட்டுக்கு அது சேருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், அதற்குள் பக்கமெல்லாம் விளம்பரம் அடைத்துப் படிக்கிறவரைத் துரத்திவிடுவோம். உங்கள் விளம்பரம் அரூர் கடைத்தெருவில் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, புதுக் கடை திறப்பு என்று இதழில் ஒரு பெட்டி கொடுக்கிறவருக்கு, சேனலிலும் ஒரு நாள் சேர்த்துப் போடுகிறோம் என்று சொல்லிக் கொஞ்சம் கூட வாங்குங்கள். எது விளம்பரம் என்று அதன் மேலேயே போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கணவர் பெயரிலிருந்த பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டீர்களா? 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், பத்திரிகைகள் பதிவுக்கான 2023-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் ஆர்என்ஐ என்று சொல்லிவந்த பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் இப்போது பிஆர்ஜிஐ. உரிமையாளர், வெளியீட்டாளர் மாற்றமும் ஆண்டு அறிக்கையும் பிரஸ் சேவா என்ற தளத்தில் ஆன்லைனில்தான் செய்ய வேண்டும், ஆண்டு அறிக்கை கொடுக்காமல் விட்டால் அபராதம் உண்டு. வெப்சைட், ஆப் என்று யாரிடமும் பேசுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். பதிவு சரியாக இல்லாவிட்டால் அரசு விளம்பரம், தபால் சலுகை எல்லாமே சிக்கலாகும். அதேபோல, அச்சில் வந்த இதழை அப்படியே பிடிஎஃப்பாகக் கொடுப்பதற்கு 2021-இன் டிஜிட்டல் ஊடக விதிகள் பொருந்தாது. தனியாகச் செய்தி ஏற்றும் வெப்சைட் தொடங்கினால் பொருந்தும். புகார்களைக் கவனிக்க ஒரு பொறுப்பாளரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் சைட்டில் போட வேண்டும், வரும் புகாருக்கு 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பாளராக உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் ஏற்றும்போது இன்னொரு கவனமும் வேண்டும். நம் மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் நிறுத்தப்பட்ட செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஊர், பள்ளி, அப்பா பெயர் எல்லாம் போட்டால் அதுவும் அடையாளம்தான். அச்சில் வந்த தப்பு ஒரு வாரத்தில் மடித்துப் பொட்டலம் கட்டப் போய்விடும், இணையத்தில் ஏறியது அந்தப் பெண் வளர்ந்து வேலைக்குப் போகும்போதும் அவள் பெயரைத் தேடினால் வந்து நிற்கும். பழைய இதழ்களை ஏற்றும்போதும் இதைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

பழைய இதழ்கள் என்றதும், 20 வருட வால்யூம்கள் வீட்டில் இருக்கின்றனவா? நியூஸ்பிரிண்ட் மஞ்சளித்து மடிப்பில் உடைய ஆரம்பித்திருக்கும். மிகப் பழையதிலிருந்து தொடங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போனிலேயே கூகுள் டிரைவ் ஸ்கேனில் எடுங்கள். அந்தப் படத்தைக் கூகுள் டாக்ஸில் திறந்தால் அச்செழுத்தை ஓரளவு தமிழ் எழுத்தாகவே எடுத்துக் கொடுக்கும். டிரைவில் இலவச இடம் 15 ஜிபிதான், மெயிலும் அதிலேயே அடங்க வேண்டும். ஆகவே ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, நீங்கள் பார்த்துச் சரியென்று நினைத்த இதழ்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள், அங்கே வாடகை கேட்க மாட்டார்கள். அரூரில் எந்த வருடம் எந்தப் பாலம் கட்டினார்கள், எந்த ஏரி எப்போது நிரம்பியது என்று எழுதி வைத்திருப்பது இந்த வட்டாரத்தில் உங்கள் வால்யூம்கள் மட்டும்தானோ என்னவோ. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சுகளைப் பாதுகாக்கிறது, தொகுப்பைப் பற்றி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

மகள் சொல்லும் இன்ஸ்டாகிராம்? தொடங்கட்டும், அவளுக்கு அதில் கை வரும், இளம் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் லெட்ஜர் ஷீட்டுக்கு மாறி, ஒரு இதழ் முழுக்க யூனிகோடில் அச்சேறிய பிறகு. இப்போது அவளுக்கு இருக்கும் நேரம் அந்த இரண்டுக்கும்தான் போதும். முதல் யூனிகோடு பக்கம் தயாரானதும் பிடிஎஃப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அச்சகத்துக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.